கண்ணைத் தாண்டும் கோடு

போன பொங்கலுக்கு நான் ஒரு பொய் சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கைபேசியில் இருக்கும் ஒரு செயலியிடம் சொன்னேன். ‘பெரிய கொக்கு, 14.’ அவ்வளவுதான் பொய். பதினான்கு என்ற எண்ணிக்கை சரி. கொக்கு என்பதும் சரி. ‘பெரிய’ என்ற சொல்தான் பொய்.

இடம் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, எங்கள் ஊர் ஏரிக்கரை. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வரும் வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு அருகே மூன்றாகப் பிரிகிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அந்த இடத்துக்கு மூணாறு தலைப்பு என்று பெயர். பிரிந்த தண்ணீரில் எது எந்த ஆறு என்று ஷட்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜனவரியில் சம்பா முற்றி நிற்கும். மேட்டூரை வழக்கமாக 28ஆம் தேதி மூடிவிடுவார்கள் என்பதால் வாய்க்கால்களில் கடைசித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வயலில் ஈரம் குறையக் குறையப் பறவைகள் ஏரிக்கு வந்து சேரும். பக்கத்தில்தான் வடுவூர். அங்கே சரணாலயம், பார்வைக் கோபுரம், 2022இல் கிடைத்த ராம்சார் அங்கீகாரம் எல்லாம் உண்டு. எங்கள் ஏரிக்கு ஒரு பலகைகூடக் கிடையாது. ஆனால் கொக்குக்குப் பலகை படிக்கத் தெரியாது.

2015இலிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கேயே நின்று, குறைந்தது கால் மணி நேரம், பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவேற்ற வேண்டும். சென்னையில் வேலை, ஊருக்கு வருவதே பொங்கலுக்குத்தான் என்று இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வசதியான ஏற்பாடு. கரும்பு கடித்தோம், மாட்டுக்குக் கும்பிடு போட்டோம், கொஞ்சம் அறிவியலுக்கும் உதவினோம் என்று திரும்பலாம்.

அன்று காலை என் பட்டியலில் 39 இனங்கள் இருந்தன. ஏரியின் அக்கரையில், சூரியனுக்கு நேர்கீழே, பதினான்கு வெள்ளைக் கொக்குகள். கண் கூசியது. நடுத்தரக் கொக்கு ஏற்கெனவே பட்டியலில் இருந்தது. இவை பெரிய கொக்காக இருந்தால் நாற்பது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“அங்க நிக்கிறது பெரிய கொக்கா, நடுத்தரமா? உங்களுக்குத் தெரியுதா?”

“எல்லாம் கொக்குதான் தம்பி” என்றார். ஆடு ஒன்று கரையிறங்கி நெல் பக்கம் போக, அதன் பின்னால் போய்விட்டார்.

நான் நாற்பது ஆக்கினேன்.

இந்த இரண்டையும் பிரிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். டெல்டா வயலில் வெள்ளையாக நிற்கும் கொக்கு நான்கு வகை. மாட்டோடும் டிராக்டரோடும் நடந்துபோவது உண்ணிக்கொக்கு. கட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு, தாடை கொஞ்சம் உப்பியிருக்கும். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது மஞ்சள் சாக்ஸ் போட்ட மாதிரி தெரியும். இந்த இரண்டில் தகராறு வராது. தகராறெல்லாம் நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் நடுவில்தான். இரண்டுக்கும் கால் கறுப்பு, பாதமும் கறுப்பு. இனப்பெருக்கக் காலத்தில் அலகு கறுக்கும், முகத்தோல் நிறம் மாறும். ஜனவரியில் இரண்டின் அலகும் மஞ்சள்தான்.

பெரியது பெரிதாகத்தானே இருக்கும், இதில் என்ன தகராறு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பக்கத்தில் வேறொன்று நின்றால்தான் ‘பெரிய’ என்ற சொல்லுக்கு அர்த்தம். வெட்டவெளியில் தனியாக நிற்கும் கொக்குக்கு அளவே கிடையாது. கழுத்தைப் பார்க்கலாம். பெரிய கொக்கின் கழுத்து மிக நீளம், நடுவில் மூட்டுக் கழன்ற மாதிரி ஒரு மடிப்பு விழும். நடுத்தரக் கொக்கின் கழுத்து வழுக்கிக்கொண்டு வளையும். தலை உருண்டை, அலகு கட்டை. ஆனால் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு தோள் குறுகி நிற்கும்போது இந்த வித்தியாசமெல்லாம் இறகுக்குள் போய்விடும்.

ஏமாற்றாத அடையாளம் ஒன்றுதான். கொக்கின் வாய் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். அலகின் பிளவு கன்னத்துக்குள் ஒரு மெல்லிய கோடாக ஓடும். நடுத்தரக் கொக்கில் அது கண்ணுக்கு நேர்கீழே வந்து நின்றுவிடும். பெரிய கொக்கில் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். ஒரு மீட்டர் நிற்கும் பறவையில் தீர்ப்புச் சொல்வது கடுகளவு நீளமுள்ள ஒரு கோடு.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கொக்குக்கு 1758இல் லின்னேயஸ் வைத்த பெயருக்கு வெறுமனே ‘வெள்ளை’ என்று பொருள். நடுத்தரக் கொக்குக்கு 1829இல் வாக்லர் என்ற ஜெர்மானியர் ‘இன்டர்மீடியா’ என்று பெயர் வைத்தார். தன் நிறத்தாலோ குரலாலோ இல்லாமல், இரண்டு பேருக்கு நடுவில் நிற்பது என்பதாலேயே பெயர் வாங்கிய பறவை. வீட்டில் நடுப்பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இது புரியும். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலும் இருப்பது ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இப்போது அவற்றை மூன்று தனி இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். கோடுகள் திருத்தப்படுகின்றன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அன்று இரவு, வெண்பொங்கல் கனத்தில் படுத்துக்கொண்டு காமிராவில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினான்கில் இரண்டுதான் பக்கவாட்டில் முகம் காட்டின. ஒன்றில் கோடு கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டது. சந்தேகமே இல்லை, நடுத்தரக் கொக்கு. மற்றொன்றின் கன்னத்தை ஒரு கோரைத் தண்டு மறைத்திருந்தது.

முதலில் தோன்றியது, ‘அடடா, தப்பாகிவிட்டதே’ என்பதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் தப்பு அங்கே இல்லை. அந்தப் பதினான்கும் பெரிய கொக்காகவே இருந்து, படத்தில் கோடு கண்ணைத் தாண்டி ஓடியிருந்தாலும் நான் காலையில் சொன்னது பொய்தான். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன்.

இங்கிலாந்தில் டபிள்யூ. கே. கிளிஃபர்டு என்ற கணிதவியலாளர் 1877இல் ‘நம்பிக்கையின் அறம்’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டியது. செலவாகுமே என்று தயங்கி, இத்தனை முறை போய்வந்த கப்பல்தானே, இந்த முறையும் போய்விடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் தயக்கமில்லை. கிளிஃபர்டு அதோடு விடவில்லை. கப்பல் மூழ்காமல் கரைசேர்ந்திருந்தால்? அப்போதும் அவர் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார். அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் அவர் எழுப்பும் கேள்வி. நம்பியது பலித்ததா என்பது அதற்குப் பதிலாகாது.

என் கப்பலில் பயணிகள் இல்லை, பதினான்கு கொக்குகள்தான். ஒரு கொக்குக்கு இவ்வளவா என்று உங்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். ஆனாலும் இந்தச் சின்னப் பொய்க்குப் போய்ச்சேர ஒரு முகவரி உண்டு. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023இல் வந்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கான தரவு 30,000க்கும் மேற்பட்ட பறவை பார்ப்பவர்கள் பதிவேற்றியது. எல்லாரும் என்னைப் போல ஏதோ ஒரு கரையில் தனியாக நின்றவர்கள். கூட ஆளில்லை, கேட்க ஆளில்லை. எந்தப் பறவை குறைகிறது, எது பெருகுகிறது என்பதை நாடு அவர்கள் கண்ணால்தான் பார்க்கிறது. நாற்பதைத் தொட வேண்டும் என்ற அற்ப ஆசை எத்தனை கரைகளில் எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது.

மறுநாள் மாட்டுப் பொங்கல். பெரியவர் அதே கரையில் இருந்தார். இந்த முறை காமிராவைப் பையிலேயே வைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்தேன். “எல்லாம் கொக்குதான்” என்று சொன்னவர், பேச ஆரம்பித்தபோது அவருக்குத் தெரியாத வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது.

“அந்தா கழுத்து முறிஞ்சாப்ல நிக்குதே, அது தண்ணி ஆழத்துல தனியா நிக்கும். அசையவே அசையாது. இந்தச் சின்னது கெடந்து ஓடும், கால வச்சுக் கலக்கிவிட்டுப் புடிக்கும். நடுவுல ஒரு சைஸு இருக்கே, அது வயலுக்குள்ளதான் இருக்கும். தவளைக்கு நிக்கும்.”

“இதெல்லாம் எப்படித் தெரியும் உங்களுக்கு?”

சிரித்தார். “புடிச்சவனுக்குத் தெரியாதா?”

வாலிபத்தில் கண்ணி வைத்திருக்கிறார். மடையான்தான் முக்கியம். மடையானைக் குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். அதற்குக் கண் நன்றாகவே தெரியும். தன் மண் நிறத்தை நம்பி, ஆள் பக்கத்தில் வரும்வரை அசையாமல் நிற்கும். அந்த நம்பிக்கைக்கு நாம் வைத்த பெயர் குருடு. பெரிய கொக்கு கவுச்சி அதிகம், குழம்புக்கு ஆகாது என்றார். எதற்கு எந்த மாதம் கொழுப்பு ஏறும் என்று சொன்னார். பிறகு, குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாமல் இதையும் சொன்னார்.

“பழக்குன கொக்கு ஒண்ணு வச்சிருப்போம். கண்ணத் தச்சுருவோம். அது பறக்காம வயல்ல நிக்கும். மேல போறது அதப் பாத்துட்டு, நம்மாளு நிக்கிறான்னு எறங்கும்.”

“கண்ணையா?”

“ஊசி நூல்தான். அப்பறம் பிரிச்சும் விட்டுருக்கோம். இப்ப யாரு செய்யிறா? கேஸு போட்டுருவான்.”

1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். அதைச் சொல்லும் தைரியமோ அவசியமோ எனக்கு இருக்கவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. என்னைவிட நூறு மடங்கு கூர்மையாகக் கொக்கைப் பார்த்த கண் இது. நான் புத்தகத்தில் படித்த கோட்டை இவர் படிக்காமலே, நிழலுருவத்தை வைத்தே பிரிக்கிறார். அந்தக் கூர்மை முழுக்கக் கொல்வதற்காக வளர்ந்தது.

கவனித்துப் பார்ப்பது நம்மை நல்லவர்களாக்கும் என்று ஒரு நம்பிக்கை இலக்கிய வாசகர்களிடம் பரவலாக இருக்கிறது. எனக்கும் இருந்தது. நாவலாசிரியரும் தத்துவவாதியுமான ஐரிஸ் மர்டாக்கின் 1970ஆம் வருட நூலில் வரும் ஓர் உதாரணம் பிரபலம். தன் கவலையிலும் மனக்கசப்பிலும் மூழ்கி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே ஒரு வல்லூறு காற்றில் நின்று சிறகடிக்கிறது. சட்டென்று எல்லாம் மாறிவிடுகிறது. புண்பட்ட ‘நான்’ காணாமல் போய் அந்தப் பறவை மட்டும் இருக்கிறது. அழகான இடம், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பெரியவர் கண்ணியைப் பிடித்துக்கொண்டு பதுங்கியிருந்தபோதும் அவருடைய ‘நான்’ காணாமல்தான் போயிருக்கும். பறவை மட்டும்தான் இருந்திருக்கும். மர்டாக்குக்கு ஜன்னல் இருந்தது. பெரியவருக்குப் பசி இருந்தது. நான்கு கொக்கு விற்றால்தான் அரிசி என்ற வீட்டில், பறவையில் தன்னை மறப்பதன் அர்த்தமே வேறு. அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லி நான் நழுவ முடியாது.

பசியே இல்லாதவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன், பாரிஸ், நியூயார்க் சீமாட்டிகளின் தொப்பிக்காகக் கொக்குகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டன. இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் மட்டும் முளைக்கும் மெல்லிய தூவிகள்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆகவே கூடுகட்டிக் குஞ்சு வைத்திருக்கும் பறவையாகப் பார்த்துச் சுட வேண்டும். எந்தக் கொக்கு, எந்தப் பருவம், எந்த இறகு என்று தரம் பிரிக்கத் தெரிந்த வியாபாரிகள் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா 1902இல் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கிலாந்து இறக்குமதியைத் தடுக்க 1921 ஆனது. அதற்கு முன் பல ஆண்டுகள் பெண்கள் சங்கம் அமைத்துப் போராட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆடுபான் சங்கம் இன்றும் தன் சின்னமாக வைத்திருப்பது அந்தப் பெரிய கொக்கைத்தான்.

ஆக, பிரித்தறியத் தெரிவதால் மட்டும் யாரும் கொக்குக்கு நல்லவராகிவிடுவதில்லை. அப்படியானால் அந்தக் கடுகளவு கோட்டுக்காக நான் ஏன் இரவில் தூங்காமல் கிடக்க வேண்டும்? அவர் சொன்னது போல எல்லாம் கொக்குதான் என்று விட்டுவிட்டால் என்ன?

கொஞ்ச நேரம் எனக்கு அது பிடித்திருந்தது. பிரிப்பதே பாவம், சேர்ப்பதே புண்ணியம் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. இந்த ஊரில் அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது.

1937 டிசம்பர் கடைசியில் நீடாமங்கலத்தில் காங்கிரஸ் மாநாடு ஒன்று நடந்தது. அதில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் பந்தி. அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் சிலர் அடையாளம் காணப்பட்டு அடிக்கப்பட்டார்கள். மொட்டையடிக்கப்பட்டார்கள். சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டார்கள். ‘விடுதலை’ அதை வெளியே கொண்டுவந்து விடாமல் எழுதியது. ஆ. திருநீலகண்டன் இதைப் பற்றி ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். நான் அதைப் படித்தது கல்லூரி முடித்த பிறகு. நீடாமங்கலத்தைச் சுற்றியே வளர்ந்தும் அதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் நீடாமங்கலம் என்றால் ரயில்வே கேட்டில் காத்திருப்பதுதான் பேச்சு.

‘அடையாளம் காணப்பட்டு’ என்று எழுதினேன் அல்லவா, அந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். பறவை பார்ப்பவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் சொல் அது. கொக்கையும் மனிதரையும் ஒரே மூச்சில் பேசுகிறானே என்று உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். என் சந்தேகம் கொக்கைப் பற்றியதோ அந்தத் தொழிலாளர்களைப் பற்றியதோ இல்லை. இரண்டு இடத்திலும் பார்க்கும் ஆளைப் பற்றியது.

இலைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் எந்தக் கோடும் இருந்திருக்க வழியில்லை. கண்ணுக்குக் கீழே நிற்பதும் இல்லை, தாண்டுவதும் இல்லை. இவன் யார் பண்ணையில் வேலை செய்கிறவன், எந்தத் தெருவில் குடியிருப்பவன் என்று முன்பே தெரிந்தவனுக்குத்தான் அங்கே வித்தியாசம் ‘தெரியும்’. பட்டியல் முதலிலேயே எழுதியாகிவிட்டது. பார்ப்பது அதைச் சரிபார்க்க மட்டும். கொக்கிடம் நான் தோற்க முடியும். கோடு கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டால் என் நாற்பது முப்பத்தொன்பது ஆகும், நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாக்லரின் ஒரே இனம் மூன்றானதும் அப்படித்தான், பறவையிடம் தோற்றுத்தான். சாதியின் கண் எதைப் பார்த்தாலும் தோற்காது. தோற்கவே முடியாத பார்வைக்குப் பார்வை என்று பெயர் வைப்பது தப்பு.

இதை எழுதும்போது எனக்குள் ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தி நீடிக்கவில்லை. ஏனென்றால் ஏரிக்கரையில் நான் ‘பெரிய கொக்கு’ என்று எழுதியபோதும் பட்டியலை முதலிலேயே எழுதிவிட்டுத்தான் பார்த்தேன். விளைவில் ஒப்பிடவே முடியாது. ஆனால் பழக்கம் அதே பழக்கம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தப் பெரியவரை நான் இவ்வளவு நேரம் ‘பெரியவர்’ என்றும் ‘சொன்னார்’ என்றும் எழுதிவருகிறேன். எட்டு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். ‘நீ’ என்றேன், ‘வா’ என்றேன். அப்போது அவருக்கு என் அப்பாவைவிட வயது அதிகம். அவர் என்னை “வாங்க தம்பி” என்றார். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. யாரை எந்த விகுதியில் பேசுவது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே வந்துவிடும். எந்தப் பறவை எது என்று கற்க எனக்குப் பத்து வருடம் ஆனது. இது பத்து நாள் வேலைகூட இல்லை. இப்போது நான் ‘நீங்க’ என்கிறேன். அவர் இன்னும் பழகவில்லை. முதல்முறை சொன்னபோது திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். ‘தாத்தா’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு ஆட்டை அதட்டினார்.

தொல்காப்பியத்தில் சந்தேகத்துக்கு விதி இருக்கிறது. சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கிளவியாக்கத்தில். தூரத்தில் ஓர் உருவம் தெரிகிறது. ஆள்தான், ஆனால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. என்ன விகுதி போட்டுப் பேசுவது? பன்மையில் சொல் என்கிறார். ஆளா, வெறும் கட்டையா என்பதே தெரியாவிட்டால்? ‘உரு’ என்பது போல இரண்டுக்கும் பொதுவாகச் சொல். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் இந்த ஆளும் கட்டையும்தான். பக்கத்தில் போய்த் தெளிந்த பிறகு ‘கட்டை அன்று, ஆள்’ என்று விலக்கிச் சொல்லும் வாக்கியத்துக்கும் அங்கேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதே என்று புத்திமதி சொல்லும் நூல்கள் நிறைய உண்டு. தெரியாதபோது எந்த வார்த்தையில் பேச வேண்டும் என்று விதி எழுதியது எனக்குத் தெரிந்து இலக்கணம்தான். சந்தேகத்தில் வாயை மூடிக்கொள் என்று அது சொல்லவில்லை. ஏதாவது ஒன்றை அடித்துவிடு என்றும் சொல்லவில்லை. நீ எவ்வளவு பார்த்தாயோ அவ்வளவுக்கு ஒரு சொல் இருக்கிறது, அதை எடு என்கிறது. எனக்கு இன்னொன்றும் தோன்றியது. ஒருவரை ‘அவர்’ என்று மரியாதையாகச் சொல்வதும் தமிழில் பன்மை விகுதியால்தான். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் வாதாட வரவில்லை, அது மொழியியலாளர்கள் வேலை. ஆனால் ‘நீங்க’ என்று அவரிடம் சொல்லும்போது, இவரை நான் முழுக்கத் தெரிந்துவைத்திருக்கிறேன் என்ற அந்த எட்டு வயது உறுதி கொஞ்சம் தளர்கிறது என்பது நிஜம்.

அன்று இரவு செயலியைத் திறந்தேன். தொல்காப்பியருடைய ‘உரு’வுக்கு அதில் இடம் இருக்கிறது. ‘ஏதோ ஒரு வெள்ளைக் கொக்கு’ என்று, இனம் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவதை முன்பெல்லாம் அரைகுறைகளின் வேலை என்று நினைத்திருந்தேன். பெரிய கொக்கு பதினான்கை அழித்தேன். நடுத்தரக் கொக்கில் ஒன்றைக் கூட்டினேன். வெள்ளைக் கொக்கு பதின்மூன்று. மொத்த இனங்கள் மறுபடி 39. குறிப்பு எழுதும் கட்டத்தில், “எதிர்வெயில், முகம் தெரியவில்லை” என்று போட்டேன்.

காணும் பொங்கலன்று காலை, சென்னைக்குப் பஸ் ஏறும் முன் கரைக்குப் போனேன். பெரியவர் இருந்தார்.

“அன்னிக்கு எண்ணுனீங்களே தம்பி, என்னன்னு எழுதுனீங்க?”

“ஏதோ ஒரு கொக்குன்னு எழுதிட்டேன்.”

“அதத்தான் நான் அப்பவே சொன்னனே” என்றார். பிறகு கையை நெற்றியில் வைத்து, அக்கரையில் தனியாக, முழங்கால் தண்ணீரில் நின்ற ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அது மட்டும் பெரிசு. அத எழுதிக்குங்க.”

நான் காமிராவை எடுத்தேன். அது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. அது திரும்பும் என்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.